தெருவுக்கு ஓர் இனம்: சிங்கப்பூரும் பயணியின் கண்ணும்

சிங்கப்பூருக்குப் போய்த் திரும்பும் நம்மவர்களிடம் பெரும்பாலும் ஒரே கதைதான் இருக்கிறது. காலையில் சைனா டவுன். மத்தியானம் லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு. சாயங்காலம் அரபுத் தெரு, சுல்தான் பள்ளிவாசல். ராத்திரி ஆற்றங்கரை விளக்குகள். 'நாலு சனம், நாலு பாஷை, ஒரு சண்டை சச்சரவு உண்டா பாருங்க' என்று கதை முடியும். ரயில் நிலையப் பலகையில் தமிழ் எழுதியிருப்பதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் தழுதழுக்கும். எழுத்தாளர்களும் இதற்கு விலக்கில்லை. மாநாடு, கருத்தரங்கு என்று அழைக்கப்பட்டுப் போய்வந்து எழுதும் பயணக் கட்டுரைகளிலும் இதே வரிசைதான்; கூட நாலு மேற்கோள் இருக்கும்.

இந்த வரிசைக்கு ஒரு வரலாறு உண்டு. பயணி தன் விருப்பத்துக்கு நடப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும் பாதையை 1822இல் ஆங்கிலேய லெப்டினன்ட் ஒருவர் காகிதத்தில் கோடு போட்டு வைத்தார். 1989இல் நகர்த் திட்ட அதிகாரிகள் அதற்கு வண்ணம் பூசிப் புதுப்பித்தார்கள். நடுவிலிருந்த 167 வருஷத்தில் அந்தத் தெருக்களில் வாழ்ந்தவர்கள் கோட்டுக்குள் அடங்கிக் கிடந்தார்களா என்பது தனிக்கதை. 'பல்பண்பாட்டு நகரம்' என்று நாம் வியக்கிற பொருள் எப்படி உற்பத்தியானது, யார் கண்ணுக்காக உற்பத்தியானது, அந்தக் கண்ணுக்கு யார் தட்டுப்படாமல் போகிறார்கள் என்பதையே இங்கு பேச நினைக்கிறேன்.

முதலில் அந்தக் கண். ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் 1854 ஏப்ரலில் சிங்கப்பூரில் வந்து இறங்கினார். டார்வினுக்கு இணையாகத் தனியே பரிணாமக் கோட்பாட்டுக்கு வந்துசேர்ந்த அதே வாலஸ்தான். வண்டு பிடிக்க வந்தவர். 1869இல் வெளிவந்த 'மலாய்த் தீவுக்கூட்டம்' என்ற அவருடைய நூலில் சிங்கப்பூர் அத்தியாயத்தின் தொடக்கமே, ஐரோப்பாவிலிருந்து வரும் பயணிக்கு இதைப்போலச் சுவையான ஊர்கள் அதிகமில்லை, கீழைநாட்டு இனங்களின் மாதிரிகள் இங்கே கிடைக்கின்றன என்கிற தொனியில்தான். மாதிரிகள்! பிறகு பட்டியல் வருகிறது. அரசாங்கமும் படையும் பெரிய வியாபாரமும் ஆங்கிலேயன். மலாய்க்காரன் மீன்பிடிப்பவன், படகோட்டி. மலாக்காப் போர்த்துகீசியன் குமாஸ்தா. குதிரைக்காரனும் வண்ணானும் வங்காளி. பார்சிகள் தொகையில் குறைவு, மரியாதையில் அதிகம். சில்லறைக் கடைக்காரர்கள் 'கிளிங்'குகள். 'மேற்கிந்தியக் கிளிங்குகள்' என்று எழுதுகிறார் வாலஸ். கலிங்கம் என்ற சொல்லிலிருந்து வந்து, சோழமண்டலக் கரையிலிருந்து போன தமிழர்களையும் மரைக்காயர்களையும் சுட்டி நின்று, பின்னாளில் வசவாகிப்போன சொல் அது. வண்டுகளின் முதுகுப் புள்ளிகளைக் கூர்ந்து எண்ணிய மனிதருக்கு நாகூரும் காரைக்காலும் இந்தியாவின் எந்தப் பக்கம் என்று பார்க்கத் தோன்றவில்லை.

இதை ஒரு தனிமனிதரின் கவனக்குறைவாக வாசிப்பதில் பயனில்லை. இனத்துக்கு ஒரு தொழில், தொழிலுக்கு ஓர் உடை, உடைக்கு ஒரு நிறம் என்று நகரத்தை வாசிக்கும் முறை ஒரு சட்டகமாக உறைந்துபோயிருந்தது. 1879 ஜனவரியில் வந்த ஐஸபெல்லா பேர்டின் பயணக் கடிதங்களிலும் இதே தெருக்காட்சிதான், இன்னும் அதிக வண்ணத்தில். பயணி தெருவில் ஆட்களைப் பார்ப்பதில்லை, மாதிரிகளைப் பார்க்கிறார். மாதிரிகளைப் பார்க்கத் தோதாகத் தெருவும் அமைக்கப்பட்டிருந்தது.

தாமஸ் ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸ் 1819இல் ஒப்பந்தம் போட்டுக் கம்பெனிக்குத் துறைமுகத்தைப் பிடித்ததும், 1822 இறுதியில் மூன்றாம் முறை வந்தபோது ஊர் தன் போக்கில் வளர்ந்து கிடப்பதைக் கண்டு ஒரு குழு அமைத்ததும் பாடப் புத்தகச் செய்திகள். 1822 நவம்பர் 4 தேதியிட்டு அந்தக் குழுவுக்கு அவர் எழுதிய உத்தரவுகள்தான் நமக்கு முக்கியம். யார் எங்கே குடியிருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். லெப்டினன்ட் பிலிப் ஜாக்சன் வரைந்த படத்தில் அது அப்படியே இறங்கியது. ஆற்றுக்குத் தென்மேற்கே சீனக் கம்பம். அதை ஒட்டி ஆற்றோரமாக மேலே சூலியாக் கம்பம், அதாவது தமிழ் முஸ்லிம்களும் மற்ற தென்னிந்தியர்களும். ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஐரோப்பிய நகரம். அதற்கப்பால் சுல்தானின் வளாகம், அரபுக் கம்பம், கடைசியில் புகிஸ் கம்பம். சீனர்களுக்குள்ளேயே மாகாண வாரியாகப் பிரித்து உட்காரவைக்க வேண்டும் என்றும் யோசனை. வரைபடம் நிலத்தில் இருந்த ஊரைக் காட்டவில்லை. எப்படி இருக்க வேண்டும் என்ற ஆசையைக் காட்டியது.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இனவாரியான குடியிருப்பை வெள்ளைக்காரன் வந்துதான் கண்டுபிடித்தான் என்று நம் பக்கத்தில் சிலர் எழுதுவது சரியில்லை. 1512 முதல் 1515 வரை மலாக்காவில் இருந்த போர்த்துகீசியரான தோமே பிரெஸ், அந்தத் துறைமுகத்தில் 84 மொழிகள் பேசப்பட்டதாக எழுதியிருக்கிறார். சுல்தான் காலத்து மலாக்காவிலும் நான்கு ஷாபந்தர்கள், துறைமுக அதிகாரிகள், இருந்தார்கள். குஜராத்திகளுக்கு ஒருவர், தமிழர், வங்காளிகள், பெகு, பாசாய் ஆட்களுக்கு ஒருவர், ஜாவா முதல் லூசோன் வரையிலான தீவுகளுக்கு ஒருவர், சீனா, சம்பா, ரியூக்யூ வணிகர்களுக்கு ஒருவர். ஆனால் கவனியுங்கள்: தமிழனும் பர்மாக்காரனும் சுமத்ராக்காரனும் ஒரே அதிகாரியின் கீழே வருகிறார்கள். எந்தக் காற்றில், எந்தக் கரையிலிருந்து கப்பல் வருகிறது என்பதே அந்தப் பகுப்பின் அடிப்படை. ரத்தமும் தோலும் அங்கே கணக்கில் இல்லை. கப்பல் போனால் பகுப்பும் போய்விடும். ராஃபிள்ஸின் பகுப்பு அப்படிப் போகவில்லை. வரைபடமாயிற்று. 1871 முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பாயிற்று. பின்னால் அடையாள அட்டையாயிற்று. பெனடிக்ட் ஆண்டர்சன் தன் 'கற்பிதச் சமூகங்கள்' நூலின் 1991 பதிப்பில் கணக்கெடுப்பு, வரைபடம், அருங்காட்சியகம் ஆகிய மூன்றையும் காலனிய அரசின் கண்களாக வைத்து ஓர் அத்தியாயம் சேர்த்தார். நான்காவதாகச் சுற்றுலாக் கையேட்டைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, அந்தக் கோடுகளுக்குள் என்ன நடந்தது?

நாராயண பிள்ளை என்பவர் பினாங்கிலிருந்து 1819இலேயே வந்து செங்கல் சூளை போட்டவர். ஒரு கோயில் கட்ட இடம் கேட்டார். தெலுக் ஆயரில் கொடுத்த மனையில் நல்ல தண்ணீர் இல்லை. ஸ்டாம்ஃபோர்ட் கால்வாய்ப் பக்கம் கிடைத்த மனை, நகர வரைபடம் வந்ததும் வேறு உபயோகத்துக்குப் போய்விட்டது. 1823இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் மூன்றாவது மனை. 1827இல் அங்கே மரமும் ஓலையுமாக எழும்பியது மாரியம்மன் கோயில். அதற்குச் சில அடி தூரத்தில் 1826இல் தொடங்கிய சூலியாக்களின் ஜாமிஆ பள்ளிவாசல். தெலுக் ஆயர் தெருவில் 1820களின் இறுதியில் நாகூர் தர்கா. அதே தெருவில் நம்மவர்கள் 'குச்சுப் பள்ளி' என்றழைத்த அல் அப்ரார் பள்ளிவாசல். இரண்டுக்கும் பக்கத்திலேயே 1842இல் கட்டி முடிக்கப்பட்ட தியான் ஹொக் கெங் என்ற ஹொக்கியன் சீனர்களின் கோயில். இதெல்லாம் எங்கே இருக்கிறது? இன்று சைனா டவுன் என்று பலகை மாட்டிய இடத்திலும் அதன் விளிம்பிலும். அங்கே மூன்று தெருக்கள்: பகோடா தெரு, டெம்பிள் தெரு, மாஸ்க் தெரு. பகோடா என்றதும் சீன பௌத்தக் கோபுரத்தைத் தேடிப் போட்டோப் பெட்டியோடு அலைகிறான் சுற்றுலாக்காரன். அந்தப் பகோடா நம் மாரியாத்தாளின் கோபுரம்! டெம்பிள் அவளுடைய கோயில். மாஸ்க் நாகப்பட்டினத்துப் பக்கத்து மரைக்காயர்களின் பள்ளிவாசல். கொஞ்சம் தள்ளிப் போனால் கடையநல்லூர் பெயரிலேயே ஒரு தெரு இருக்கிறது. தஞ்சோங் பகார் பக்கம் குடியேறி உழைத்த கடையநல்லூர் முஸ்லிம்களை வைத்து 1950களில் இட்ட பெயர்.

சீனர்கள் அந்த இடத்தைச் 'சீனர் நகரம்' என்று சொல்வதில்லை. சீன மொழியில் அதற்குப் பெயர் மாட்டுவண்டித் தண்ணீர். மலாயில் கிரேத்தா ஆயர், தண்ணீர் வண்டி. மாட்டுவண்டியில் குடிதண்ணீர் வந்த இடம், அவ்வளவுதான். வாழ்கிறவர்கள் இடத்துக்குத் தண்ணீர் பெயரை வைக்கிறார்கள். பார்க்க வருகிறவர்கள் இனத்தின் பெயரை வைக்கிறார்கள். நாம் தமிழில் தேக்கா என்று சொல்கிறோமே, அதுவும் தமிழ்ச்சொல் இல்லை. ஹொக்கியன் மொழியில் 'மூங்கிலடி' என்று பொருள்படும் சொல்லின் மரூஉ. அதே இடத்துக்கு மலாயில் கண்டாங் கெர்பாவ், எருமைத் தொழுவம். ஒரு சந்தைக்கு மூன்று மொழிகளில் பெயர். மூன்றிலும் 'இந்தியா' கிடையாது.

ராஃபிள்ஸின் உத்தரவுகளில் ஒன்று மட்டும் அவர் நினைக்காத திசையில் போயிற்று. ஒவ்வொரு கடைவீட்டின் முன்னும் தொடர்ச்சியாக, மூடாமல், கூரையோடு ஒரு நடைவழி விட வேண்டும் என்றிருந்தது அது. மலாயில் காக்கி லீமா. நம் ஆட்கள் வாயில் 'அஞ்சடி'. வீட்டுக்குள் யார் இருக்க வேண்டும் என்று இனம் பிரித்த அதே கை, வாசலைத் தொடர்ச்சியாக்கிவிட்டது. அஞ்சடியில் முடிதிருத்துபவர், கடிதம் எழுதிக் கொடுப்பவர், வெற்றிலை பாக்கு, நூடுல்ஸ் தள்ளுவண்டி, தறிதையற்காரர், கூலியாள் படுக்கிற கயிற்றுக்கட்டில் எல்லாம் வந்து நிறைந்தன. நகராட்சி அஞ்சடியைக் காலி செய்ய முயன்றபோது 1888இல் கடைக்காரர்கள் கடையை அடைத்தார்கள், கலவரமே வெடித்தது. கோட்டுக்குள் அடங்காத நகரம் அஞ்சடியில்தான் இருந்தது. பயணநூல்களில் அது 'நெரிசல்', 'நாற்றம்' என்ற இரண்டு சொற்களோடு கடந்துபோகப்படுகிறது.

ஜே.எஸ். ஃபர்னிவால் பர்மாவையும் டச்சுக் கிழக்கிந்தியாவையும் படித்துவிட்டு 1948இல் 'பன்மைச் சமூகம்' என்றொரு கருத்தாக்கத்தை விரித்து எழுதினார். காலனியத் துறைமுகங்களில் இனங்கள் சந்தையில் கலக்கின்றன, ஒன்றாவதில்லை. அருகருகே வாழ்ந்தும் தனித்தனியே வாழ்கின்றன என்பது அவர் வாதம். முதலாளியம் இனத்தை எப்படித் தொழிற்பிரிவினையாக மாற்றியது என்பதை விளக்க இன்றுவரை உதவும் வாதம்தான். ஆனால் ஃபர்னிவால் சந்தையைப் பார்த்த அளவு வீட்டைப் பார்க்கவில்லை. முன்ஷி அப்துல்லாவை எடுத்துக்கொள்வோம். ராஃபிள்ஸிடம் எழுத்தராக இருந்தவர். நவீன மலாய் உரைநடையின் முன்னோடி. 1849இல் அச்சான அவருடைய தன்வரலாறுதான் அன்றைய சிங்கப்பூரை உள்ளிருந்து காட்டும் முக்கியப் பிரதி. யேமன் நாட்டு அரபி ஒருவர் நாகூருக்கு வந்து தமிழ்ப் பெண்ணை மணந்த வழியில் வந்த குடும்பம் அவருடையது. மலாக்காவில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் கணக்குவழக்குக்காகத் தமிழ் படிப்பது அந்தக் காலத்து வழக்கம், அவரும் படித்தார். இவர் எந்தக் கம்பம்? 1876இல் சிங்கப்பூரில் தொடங்கிய முதல் மலாய்ப் பத்திரிகையின் பெயர் 'ஜாவி பெரானாக்கான்'. நடத்தியவர்கள் இந்திய முஸ்லிம் தந்தைக்கும் மலாய்த் தாய்க்கும் பிறந்த கலப்புச் சமூகத்தார். மலாய் இதழியலின் முதல் பக்கத்தை எழுதியவர்களுக்கு ஜாக்சனின் படத்தில் கட்டம் கிடையாது.

அப்துல்லா சொல்லும் ஒரு கதையை விட்டுவிட முடியாது. ஆற்றின் முகத்துவாரத்தில் எழுத்துப் பொறித்த பாறை ஒன்று கிடந்தது. யாராலும் வாசிக்க முடியவில்லை. இந்துக்கள் அது தங்கள் எழுத்து என்றார்கள். சீனர்கள் தங்களுடையது என்றார்கள். ராஃபிள்ஸும் பார்த்துவிட்டு இந்து எழுத்தாக இருக்கும் என்றார். ஆளாளுக்குத் தன் இனத்தின் முத்திரையை அதில் குத்திப் பார்த்தார்கள். 1843இல் இடம் வேண்டுமென்று வெடிவைத்துத் தகர்த்தார்கள். மனம் நொந்து எழுதுகிறார் அப்துல்லா. தப்பிய துண்டுகளில் ஒன்று கல்கத்தா போய்த் திரும்பி இப்போது சிங்கப்பூர்த் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்றும் யாரும் வாசித்தபாடில்லை.

கட்டம் கிடைக்காத இன்னொரு கூட்டம் கைதிகள். 1825 முதல் 1873 வரை சென்னை, வங்காளம், பம்பாய் மாகாணங்களிலிருந்து கப்பலேற்றப்பட்டவர்கள். சாலை போட்டார்கள், சதுப்பைத் தூர்த்தார்கள், ஆளுநர் மாளிகை கட்டினார்கள். கைதிகளையே கைதிகளுக்குக் காவலாக வைக்கும் முறை இங்கே பெயர்பெற்றது. சுற்றுலாக்காரர் தவறாமல் பார்க்கும் வெள்ளை வெளேரென்ற புனித ஆண்ட்ரூ தேவாலயம் 1856க்குப் பிறகு அவர்கள் கையால் எழும்பியது. அதன் பூச்சு நம்மூர்ச் சுண்ணாம்புச் சாந்து: கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, கருப்பட்டி போன்ற முரட்டுச் சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர். செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தவருக்கு அந்த வழவழப்புத் தெரியும். தண்டனை முடிந்த பலர் அங்கேயே தங்கிக் கலந்துபோனார்கள். 'தமிழன் கட்டிய சிங்கப்பூர்' என்று மேடையில் முழங்குகிறோமே, அந்தத் தமிழனின் காலில் இருந்த விலங்கை மட்டும் ஏன் கழற்றிவிட்டுச் சொல்கிறோம்? முழக்கத்துக்கு வியாபாரியும் புலவரும் போதும் போலிருக்கிறது.

வேறுமாதிரியான பயணி ஒருவரும் வந்தார். பெரியார் 1929 இறுதியில் மலாயா வந்து, தொடர்ந்து சிங்கப்பூரிலும் பேசினார். அவர் வருவதற்கே ஒரு சாரார் எதிர்ப்புக் கிளப்பினார்கள். கடல் கடந்து வந்த தமிழரிடையே சாதி என்ன ஆயிற்று என்பதுதான் அவர் கேட்ட கேள்வி. தோட்ட லயங்களிலும் கோயில்களிலும் அது பத்திரமாக வந்து இறங்கியிருந்தது. 'இந்தியர்' என்ற ஒற்றைக் கட்டம் வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு ஒரே நிறமாகத் தெரியலாம். உள்ளே யார் கோயிலுக்குள், யார் வாசலுக்கு வெளியே என்ற கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அந்த வருகையின் அலையில்தான் 1930களின் தொடக்கத்தில் தமிழர் சீர்திருத்தச் சங்கமும், 1935இல் கோ. சாரங்கபாணியின் 'தமிழ் முரசு'ம் வந்தன. பல்பண்பாட்டுப் பெருமிதக் கதையாடலில் முரசு மொழிக்காகவும் தமிழர் திருநாளுக்காகவும் நினைக்கப்படுகிறது. சாதிக்கு எதிராக அது பிறந்த கதை அடிக்குறிப்பாகிவிட்டது. இனவாரிக் கட்டத்துக்கு ஒருமை வேண்டியிருக்கிறது. சாதியைப் பேசினால் கட்டம் கலைந்துவிடும்.

இனி 1989க்கு வருவோம். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அந்த வருஷத்தின் இரண்டு தேதிகள்தாம்.

1989 மார்ச் 1: அரசு வீடமைப்புக் குடியிருப்புகளில் இன ஒதுக்கீடு நடைமுறைக்கு வந்தது. ஒரு பேட்டையில் சீனர் 84 சதவீதத்துக்கு மேல், மலாய்க்காரர் 22 சதவீதத்துக்கு மேல், இந்தியரும் மற்றவரும் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. ஓர் அடுக்குமாடியில் முறையே 87, 25, 13. (2010இல் கடைசி இனத்துக்கு 12, 15 என்று உயர்த்தினார்கள்.) காரணம்: ஓர் இனம் ஓரிடத்தில் குவியக் கூடாது.

1989 ஜூலை 7: சைனா டவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் உள்ளிட்ட பகுதிகள் பாதுகாக்கப்படும் வரலாற்றுப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. ஓர் இனம் ஓரிடத்தில் குவிந்திருந்ததாக நினைவூட்டும் கட்டடங்களைப் பழைய வடிவில் பேண வேண்டும்.

நாலே மாத இடைவெளி. வாழும் இடத்தில் இனம் சேர்ந்திருந்தால் ஆபத்து; பார்க்கும் இடத்தில் சேர்ந்திருந்தால் பாரம்பரியம்! இதை முரண்பாடு என்று சிரித்துவிட்டுப் போக முடியவில்லை. இரண்டும் ஒரே தர்க்கத்தின் இரு கைகள். இனம் என்பது ஒவ்வோர் உடம்பிலும் ஒட்டியிருக்கும், எண்ணக் கூடிய, இடம்மாற்றி வைக்கக் கூடிய பொருள் என்ற ராஃபிள்ஸின் அனுமானம் இரண்டிலும் அப்படியே இருக்கிறது. 1964இல் இரண்டு முறை நடந்த கலவரங்களில் 36 பேர் செத்தார்கள். அந்த அச்சம் பொய்யில்லை, ஒதுக்கீட்டால் சேரிப் பிரிவினை தடுக்கப்பட்டது என்று வாதிடுவோரை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. நம்மூரில் காலனி தனியாகவும் ஊர் தனியாகவும் இருப்பதைப் பார்த்துக்கொண்டு உபதேசம் செய்ய நமக்கு என்ன யோக்கியதை? ஆனால் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்கலாம். ஓர் அடுக்கில் சீனர் விழுக்காடு நிரம்பிவிட்டால், அங்குள்ள தமிழரோ மலாய்க்காரரோ தன் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. சிறுபான்மையிலேயே வாங்குபவரைத் தேட வேண்டும், விலை இறங்கும். இந்தச் சிக்கலை ஒப்புக்கொண்டு, விற்க முடியாதவர்களின் வீட்டை அரசே திரும்ப வாங்கும் ஏற்பாடு 2022இல்தான் வந்தது. 2011 முதல் பிள்ளைகளுக்கு இரட்டை இனம் பதியலாம். ஆனால் ஒதுக்கீட்டுக் கணக்குக்கு இடையிலுள்ள கோட்டுக்கு முன்னால் இருக்கும் இனம்தான். முன்ஷி அப்துல்லா இன்று வீடு வாங்கப் போனால் அரபுவை முன்னால் போடுவாரோ, மலாயை முன்னால் போடுவாரோ!

லிட்டில் இந்தியா என்ற பெயரே 1980களில் சுற்றுலாத் துறையார் பரப்பியது. அதற்கு முன்னால் அது சிராங்கூன் ரோடு, தேக்கா. குதிரைப் பந்தய மைதானமும் ஐரோப்பியர் வீடுகளும், பிறகு மாட்டுத் தொழுவங்களும் இருந்த பகுதி. மாட்டு வியாபாரத்தில் பெரிய ஆள் கல்கத்தாவிலிருந்து வந்த யூதரான பெலிலியோஸ். அவர் பெயரில் தெரு இருக்கிறது. அந்த வட்டாரத்தில் அதிகம் போட்டோ எடுக்கப்படும் கட்டடங்களில் ஒன்று கெர்பாவ் சாலையில், சன்னலுக்கு ஒரு நிறம் பூசிய பழைய வீடு. 'இந்திய வண்ணம்' என்று பயணிகள் பரவசப்படுகிறார்கள். அது 1900இல் டான் தெங் நியா என்ற சீன மிட்டாய் வியாபாரி கட்டிய வீடு. 1982இல் தேக்கா சந்தையைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். அப்போது ஹொக்கியன் பெயரை மாண்டரினாக்கி 'ஜூஜியாவ்' என்று பலகை மாட்டினார்கள். தமிழருக்கும் வாயில் நுழையவில்லை, ஹொக்கியன் கிழவிகளுக்கும் நுழையவில்லை. 2000இல் தேக்கா என்றே திரும்ப எழுத வேண்டியதாயிற்று. அரசின் பெயரிடும் அதிகாரத்துக்கு எதிராகச் சத்தமில்லாமல் ஜெயித்த சில போராட்டங்களில் இதுவும் ஒன்று. நடத்தியவர்கள் கத்தரிக்காய் வாங்கப் போனவர்கள்.

இனத்தை வைத்து ஒரு தெருவை ஜோடித்தால், அந்த இனத்தைச் சேர்ந்த, ஆனால் ஜோடனையில் சேராத ஆட்கள் வந்து நிறையும்போது என்ன செய்வது? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லிட்டில் இந்தியா என்பது இந்தக் கேள்விதான். கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்யும் தமிழ்நாட்டு, வங்கதேசத் தொழிலாளர்கள். வாரத்துக்கு ஒருநாள் ஊருக்குப் பணம் அனுப்ப, ஊர்க்காரனைப் பார்க்க, புல்தரையில் உட்கார்ந்து பேச வருகிறவர்கள். 2013 டிசம்பர் 8 ஞாயிறு இரவு, ரேஸ் கோர்ஸ் சாலை முனையில், விடுதிக்குத் திரும்பும் பேருந்தின் சக்கரத்தில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 33 வயதுத் தொழிலாளி ஒருவர் நசுங்கிச் செத்தார். கூட்டம் பேருந்தை அடித்தது, ஆம்புலன்ஸும் போலீஸ் வண்டிகளும் எரிந்தன. 1969க்குப் பிறகு அந்நாட்டில் நடந்த முதல் கலவரம். 25 பேர்மீது வழக்கு. 57 பேர் நாடுகடத்தப்பட்டார்கள். 2014இல் வந்த விசாரணைக் குழு அறிக்கை விபத்தைப் பற்றிய தவறான எண்ணத்தையும் மதுவையும் காரணமாகக் கண்டது. வேலை, கூலி, தங்குமிடம் குறித்த அதிருப்தியை அது காரணமாக ஏற்கவில்லை. 2015இல் வந்த மதுக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் தனி மண்டலங்கள்: சனி காலை முதல் திங்கள் காலை வரை பொதுவிடத்தில் குடிக்கக் கூடாது. தமிழ் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று என்பதில் குறையில்லை. தமிழ் பேசுகிற உடம்பு எந்தத் தெருவில் எத்தனை மணிவரை உட்காரலாம் என்பது வேறு விஷயம்.

2020 ஏப்ரலில் கொரோனா தொழிலாளர் விடுதிகளில் பரவியது. தினசரி அறிக்கையில் இரண்டு எண்கள் தனித்தனியே வந்தன: 'சமூகத்தில்' இத்தனை, 'விடுதிவாசிகளில்' இத்தனை. 'சமூகம்' என்ற சொல்லின் எல்லையை இவ்வளவு துல்லியமாக எந்தக் கோட்பாட்டாளனும் எழுதிக் காட்டியதில்லை. அந்த ஆண்டு முடிவில் வந்த அதிகாரபூர்வக் கணக்குப்படி விடுதிவாசிகளில் ஏறக்குறைய 47 சதவீதம் பேருக்குத் தொற்று வந்துபோயிருந்தது. மாதக்கணக்கில் பூட்டப்பட்ட விடுதிகளிலிருந்து 2021 செப்டம்பரில் முன்னோட்டமாக வெளியே விடப்பட்டவர்கள் வாரத்துக்கு 500 பேர். 2022 ஜூனில் மற்ற இடங்களுக்குத் தடை நீங்கியபோதும், ஞாயிறுகளிலும் விடுமுறை நாட்களிலும் நான்கு இடங்களுக்குப் போக மட்டும் முன்அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது: லிட்டில் இந்தியா, சைனா டவுன், கேலாங் செராய், ஜூரோங் கிழக்கு. முதல் மூன்றையும் சுற்றுலாக் கையேட்டின் பட்டியலோடு வைத்துப் பாருங்கள்.

அதே லிட்டில் இந்தியாவில் ரோவல் சாலையில் 2011 முதல் 'திபாஷ்ரம்' என்ற பெயரில் வங்கதேசத் தொழிலாளர்கள் கூடிப் பாடவும் கவிதை வாசிக்கவும் ஓர் இடம் நடந்தது. 'பாங்ளார் கண்டா' என்ற வங்காள இதழை நடத்திய ஏ.கே.எம். மொஹ்சின் தொடங்கியது. 2014இல் புலம்பெயர் தொழிலாளர் கவிதைப் போட்டி வங்காளிகளோடு தொடங்கி, பிறகு தமிழ், சீனம், இந்தோனேசியம், டகாலோக் என்று விரிந்தது. மேடையேறியவர்கள் சாரம் கட்டுகிறவர்கள், வெல்டர்கள், வீட்டு வேலைப் பெண்கள். நான் படித்த சிங்கப்பூர்ப் பயணக் கட்டுரைகளில் ரோவல் சாலை என்ற பெயரைப் பார்த்த நினைவில்லை. மாரியம்மன் கோயிலிலிருந்து பேருந்து ஏறினால் அதிக நேரம் ஆகாது. ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் போக வேண்டும்.